முதலில் அந்த ஐந்து பேருக்குச் சோறு போடட்டும்

கேள்வி: அன்புள்ள அக்கா, நாங்கள் டாலஸ் பக்கம் ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். பதினாறு வயது மகன் ஸ்கூல் அமெரிக்கன் ஃபுட்பால் டீமில் குவாட்டர்பேக். போன வருடம் ஜேவி, அதாவது இரண்டாம் நிலை டீமில் ஆடினான். இந்த வருடம் வார்சிட்டியில் (ஸ்கூலின் முதல் டீம்) ஆடவேண்டிய சீனியர் பையனுக்குத் தோளில் அடிபட்டதால் இவனுக்கு இடம் கிடைத்தது. இரண்டு மேட்ச் முடிந்துவிட்டது. இரண்டிலும் தோல்வி, மொத்தம் ஐந்து இன்டர்செப்ஷன். வீட்டில் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கேட்டால், "லைன் நிக்கவே மாட்டேங்குது, ரிசீவர் தப்பான எடத்துக்கு ஓடுறான், நான் என்ன பண்றது" என்கிறான். எனக்கு இந்த ஆட்டமே புரியவில்லை. தனியாக ஒரு குவாட்டர்பேக் கோச் வைக்கலாமா, ஸ்கூல் கோச்சிடம் போய்ப் பேசலாமா என்று கணவர் கேட்கிறார். உயரம் வேறு ஐந்து அடி பத்து அங்குலம்தான். சீனியர் திரும்பி வந்தால் இவன் கதி என்ன? இதற்கு நடுவில், வியாழக்கிழமைகளில் டீம் பையன்களுக்கு முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலும் சாப்பாடு போடுகிறார்கள். அடுத்த வாரம் எங்கள் முறை, பன்னிரண்டு பேர். பீட்சா ஆர்டர் செய்துவிடலாமா? (பெயர் வேண்டாம்)

பதில்: பீட்சா வேண்டாம். போகிற போக்கில் கடைசியாகக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் எனக்கு உங்கள் கடிதத்தில் முக்கியமான கேள்வி அதுதான். சமையலுக்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் நடுநிலையான ஆள் கிடையாது. ஹூஸ்டன் பக்கம் ஒரு ஸ்கூலில் என் பையன் நான்கு வருடம் ரைட் கார்டாக ஆடினான். அதாவது, உங்கள் மகன் 'நிக்கவே மாட்டேங்குது' என்று சொல்கிற அந்த லைனில் நின்றவன். நான்கு வருடத்தில் பந்தை ஒரே ஒரு தடவைதான் தொட்டான். அதுவும் வேறு யாரோ தவறவிட்ட பந்து, இவன் அதன்மேல் விழுந்துவிட்டான்.

ஆட்டம் புரியவில்லை என்கிறீர்கள். உங்களுக்கு வேண்டிய அளவுக்கு ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். பக்கத்துக்குப் பதினொரு பேர். பந்து கையில் இருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு, அதற்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு. நடுவில் குனிந்து நிற்கிற சென்டர், காலுக்கு இடையில் பந்தைப் பின்னால் தள்ளுவான். அதை வாங்குபவன்தான் குவாட்டர்பேக். சென்டருக்கு இரண்டு பக்கமும் கார்ட் இரண்டு பேர், அவர்களுக்கு வெளியே டேக்கிள் இரண்டு பேர். ஆக ஐந்து பேர். எதிரணி உங்கள் பிள்ளையைக் கீழே தள்ள ஓடிவரும். அந்த ஐந்து பேரும் மூன்று விநாடி தாங்கிப் பிடித்துவிட்டால் பெரிய விஷயம். விதிப்படி அவர்கள் முன்னால் வீசிய பந்தைப் பிடிக்க ஓடவும் முடியாது. ஸ்கோர் ஷீட்டில் பெயர் வராது. அவர்கள் பெயர் மைக்கில் வந்தால் பெரும்பாலும் பெனால்டிக்காகத்தான் வரும்.

அடுத்த மேட்சில் ஒரு காரியம் செய்யுங்கள். பந்தைப் பார்க்காதீர்கள், மகனையும் பார்க்காதீர்கள். ஒரு கால்மணி நேரம் அந்த ஐந்து பேரை மட்டும் பாருங்கள். உங்கள் மகன் கீழே விழுந்தால், கை கொடுத்துத் தூக்கிவிட யாராவது வருகிறார்களா? வந்தால் பாதிக் கவலையை விட்டுவிடலாம். எல்லோரும் திரும்பிப் பார்க்காமல் அடுத்த வாய்ப்புக்கு நடந்துபோனால், தனிக் கோச் எத்தனை டாலர் வாங்கினாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

இப்போது அந்த இன்டர்செப்ஷன், அதாவது இவன் வீசியதை எதிரணிக்காரன் பிடித்துக்கொள்வது. கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்தானே நீங்கள், ரன் அவுட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் 'யெஸ்' என்கிறான், இன்னொருவன் பாதி தூரம் வந்து நின்றுவிடுகிறான். யார் மேல் தப்பு? டீக்கடையில் ஒரு மணி நேரம் சண்டை போடலாம். இங்கேயும் அதே கதைதான். ரிசீவர், அதாவது ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்கிறவன், பத்து கெஜம் நேராக ஓடி, சட்டென்று ஓரத்துக்குத் திரும்ப வேண்டும் என்று வையுங்கள். அவன் திரும்பிய பிறகு வீசினால் நேரம் கடந்துவிடும், அவனைத் தடுக்கிற எதிரணிக்காரன் வந்துவிடுவான். திரும்புவதற்கு முன்னாலேயே, அவன் வரப்போகிற வெறும் இடத்துக்குப் பந்து கிளம்பியிருக்க வேண்டும். ரிசீவர் ஒன்பதில் திரும்பினாலும் பன்னிரண்டில் திரும்பினாலும், பந்து போய்ச் சேருகிற இடத்தில் எதிரணிக்காரன் நிற்பான். கேலரியில் இருப்பவர்களுக்கு 'குவாட்டர்பேக் தப்பான இடத்துக்கு வீசிட்டான்'. உங்கள் பையனுக்கு 'ரிசீவர் தப்பான இடத்துக்கு ஓடிட்டான்'. ரிசீவர் வீட்டில் என்ன சொல்கிறானோ! ஜேவியில் இவன் பழகியது வேறு ரிசீவர்களோடு. இப்போது இருப்பவர்கள் அந்த சீனியர் பையனின் கைக்குப் பழகியவர்கள். இரண்டு மேட்சில் இது ஒட்டவில்லை என்பதில் ஆச்சரியமே இல்லை.

ஐந்து இன்டர்செப்ஷனைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெய்டன் மேனிங் என்று ஒருவர் இருந்தார், குவாட்டர்பேக்குகளில் பெரிய பெயர். 1998-ல் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணிக்கு ஆட வந்த முதல் வருடம் 28 இன்டர்செப்ஷன் கொடுத்தார். அணி 3 மேட்ச் ஜெயித்து 13-ல் தோற்றது. மறுவருடம் அதே அணி 13-ல் ஜெயித்து 3-ல் தோற்றது. உயரக் கவலையையும் விடுங்கள். உங்களுக்குப் பக்கத்து ஊர் ஆலனில் படித்த கைலர் மரேவும் உங்கள் மகன் உயரம்தான். அந்த ஸ்கூலுக்கு 42 மேட்சில் குவாட்டர்பேக்காக இறங்கினார், ஒன்றில்கூடத் தோற்கவில்லை. 2019-ல் என்எஃப்எல் (தொழில்முறை ஃபுட்பால் லீக்) டிராஃப்டில், அதாவது அணிகள் புது ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும்போது, முதல் ஆளாக எடுத்தார்கள். அவருடைய அம்மா வழிப் பாட்டி கொரியாவைச் சேர்ந்தவர். அந்த வீட்டு வியாழக்கிழமைச் சாப்பாட்டில் கிம்ச்சி இருந்ததா என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு ஆசை, தெரிந்துகொள்ள.

தனிக் கோச் வைப்பது தப்பு என்று சொல்ல மாட்டேன். கால் வைக்கும் விதம், பந்தை விடும் வேகம், வீசுவதற்கு முன் எதிரணி நிற்பதைப் பார்த்துப் படிப்பது, இதெல்லாம் சொல்லிக்கொடுப்பார்கள். சீசன் முடிந்து ஜனவரியில் யோசியுங்கள். நடு சீசனில் ஸ்கூல் கோச் ஒன்று சொல்ல, இவர் ஒன்று சொல்ல, பையன் குழம்பிப்போவான். தனிக் கோச்சோடு ஒரு மணி நேரம் வீசினால் அந்தக் கோச் நிறுத்திவைத்த பையனோடு பழகுவான். அவனுக்குப் பழக வேண்டியது தன் டீம் ரிசீவரோடு. 2011-ல் என்எஃப்எல் முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் தகராறாகி மைதானங்களையே பூட்டிவிட்டார்கள். கோச்களோடு பேசக்கூடத் தடை. நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியின் குவாட்டர்பேக் டிரூ பிரீஸ் என்ன செய்தார் தெரியுமா? டுலேன் பல்கலைக்கழகத்து மைதானத்தில் சக ஆட்டக்காரர்களைக் கூட்டி, தானே பயிற்சி நடத்தினார். அந்த சீசனில் அவர் வீசிச் சேர்த்தது 5,476 கெஜம். அதுவரை ஒரு சீசனில் அத்தனை யாரும் சேர்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பார்க்கில் அந்த ரிசீவர் பையனோடு அரை மணி நேரம், ஒரே ஓட்டத்தைத் திரும்பத் திரும்ப. 'நீ தப்பா ஓடுற' என்று ஆரம்பிக்காமல், 'எத்தனாவது அடியில திரும்புற, எண்ணிச் சொல்லு, நான் அதுக்கு ஏத்த மாதிரி விடுறேன்' என்று ஆரம்பிக்கச் சொல்லுங்கள். செலவு இல்லை, குடிக்கக் கேடரேட் மட்டும் வாங்கிக்கொடுத்தால் போதும்.

கோச்சிடம் நீங்களோ கணவரோ போகவே கூடாது, ஆட்ட நேரம் பற்றி. பையன் போகலாம். 'நான் எதைச் சரிசெய்யணும்' என்று கேட்கலாம். ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் நீங்கள் யாரையும் கேட்காமல் போகலாம்: தலையில் அடி. டெக்சாஸில் 2011-லிருந்தே சட்டம் இருக்கிறது. மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே ஆட்டத்திலிருந்து வெளியே எடுத்துவிட வேண்டும், மருத்துவர் எழுதிக்கொடுத்த பிறகுதான் திரும்ப உள்ளே. பையன் 'ஒண்ணுமில்லம்மா' என்பான். அதை மட்டும் நம்பாதீர்கள்.

சீனியர் திரும்பி வந்தால் இவன் பெஞ்சில் உட்கார வேண்டியிருக்கலாம். உட்காரட்டும். பெரிய குவாட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் உங்கள் டெக்சாஸ்காரர்தான். கான்சாஸ் சிட்டி அணியில் முதல் வருடமான 2017-ல், மூத்த குவாட்டர்பேக் அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒரே ஒரு மேட்சில்தான் ஆரம்பத்திலிருந்து இறங்கினார். மறுவருடம் 50 டச்டவுன் (எதிரணி எல்லைக்குள் பந்தைச் சேர்த்து எடுக்கும் ஸ்கோர்) வீசினார். அந்த சீனியர் பையனையும் வியாழக்கிழமைக்குக் கூப்பிடுங்கள். முக்கியமாக அவனைக் கூப்பிடுங்கள்.

சரி, சமையல். சமைக்கப் போவது நீங்கள் கிடையாது, மகன். நீங்கள் பக்கத்தில் நின்று சொல்லலாம்.

நம் ஊர்க் கல்யாணங்களில் பந்தி விசாரிக்கிற பெரியவர் ஒருவர் இருப்பார். இலை இலையாக நடந்துகொண்டே, 'இங்க ரசம் வரல பாரு', 'தம்பிக்கு இன்னொரு கரண்டி சாதம்' என்று போவார். பந்தி முடியும்போது எந்த இலையில் என்ன மிச்சம் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். உங்கள் மகன் வியாழக்கிழமை அந்த வேலையைச் செய்ய வேண்டும். அவன் கடைசியில் சாப்பிடட்டும். லெஃப்ட் டேக்கிள் எத்தனை துண்டு எடுக்கிறான், சென்டருக்குக் காரம் ஆகுமா, யார் வீட்டில் என்ன நிலைமை என்று அவன் தெரிந்துகொள்ளப் போவது அந்த நேரத்தில்தான். எங்கள் வீட்டுக்கு வந்த குவாட்டர்பேக் ஒருவன், என் பையன் தட்டில் எலும்பு குவிந்ததைப் பார்த்துத் தானாக எழுந்துபோய்க் குப்பைக் கூடையை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தான். வேறு ஒன்றும் செய்யவில்லை, ஒன்றும் பேசவும் இல்லை. அந்த சீசன் முழுக்க என் பையன் அவனுக்காக முட்டி தேய்த்தான்.

முதல் தடவை நான் செய்த தப்பை நீங்கள் செய்யாதீர்கள். நம் வீட்டுக் காரத்தில் பிரியாணி போட்டுவிட்டேன். ஒரு பையன் ஃபிரிட்ஜைத் திறந்து பால் கேலனை அப்படியே வாயில் கவிழ்த்துக்கொண்டான். மறுநாள் மேட்ச் வேறு. மேட்சுக்கு முந்தின இரவு எண்ணெய், காரம் இரண்டும் குறைவாக, சோறு நிறைய, அவ்வளவுதான் கணக்கு. முந்தின வாரமே குரூப்பில் ஒரு மெசேஜ் போடச் சொல்லுங்கள், நட்ஸ், தேங்காய், பால் யாருக்காவது அலர்ஜியா, இறைச்சி சாப்பிடாதவர் உண்டா என்று.

பன்னிரண்டு பேருக்கு எலும்பில்லாத கோழித் தொடை ஒன்பது பவுண்டு. கெட்டித் தயிர் இரண்டு கப், இஞ்சி பூண்டு விழுது ஐந்து டேபிள்ஸ்பூன், காஷ்மீரி மிளகாய்த்தூள் மூன்று (நிறத்துக்கு அது போதும், குண்டூரைத் தொடாதீர்கள்), சோம்புத்தூள் ஒன்றரை, மிளகுத்தூள் ஒன்று, உப்பு இரண்டரை, கொஞ்சம் மஞ்சள்தூள், மூன்று எலுமிச்சம்பழச் சாறு, அரை கப் எண்ணெய். புதன்கிழமை ராத்திரி மகன் கையாலேயே பிசைந்து ஃபிரிட்ஜில் வைக்கட்டும். வியாழக்கிழமை பயிற்சி லேசாகத்தான் இருக்கும், சீக்கிரம் வந்துவிடுவான். டிரேயில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, 425 டிகிரி ஃபாரன்ஹீட் ஓவனில் அரை மணி நேரம். பாதியில் மேல் டிரேயைக் கீழே மாற்றுங்கள். தெர்மாமீட்டர் 165 காட்ட வேண்டும். எடுக்கும் முன் எண்ணெயில் பிரட்டிய கறிவேப்பிலையைத் தூவி மூன்று நிமிடம் பிராய்ல், அதாவது மேலிருந்து வரும் பலத்த சூட்டில். ஓரம் கருகினால்தான் ருசி.

கூடத் தேங்காய்ப்பால் சாதம். இன்ஸ்டன்ட் பாட் குக்கரில் இரண்டு ஈடு. ஒரு ஈட்டுக்கு நான்கு கப் பாசுமதி, இருபது நிமிடம் ஊறவைத்து வடித்தது. நெய்யில் பட்டை, கிராம்பு, வெங்காயம், ஒரு கை புதினா வதக்கி, 400 மில்லி தேங்காய்ப்பால் டின் இரண்டும் ஒன்றரை கப் தண்ணீரும் உப்பும் ஊற்றி, அடியை நன்றாகச் சுரண்டிவிட்டு மூடுங்கள். சுரண்டாவிட்டால் 'பர்ன்' என்று காட்டிவிட்டு நின்றுவிடும். ஐந்து நிமிடம் பிரஷர், பத்து நிமிடம் அப்படியே விட்டுத் திறந்தால் பொலபொலவென்று இருக்கும். வெள்ளரிக்காய்த் தயிர்ப் பச்சடி, ஒரு பை சாலட். முடிந்தது.

பயிற்சி முடிந்து தினமும் வருகிறானே, அதற்கு எதையும் தேடிப் போகவேண்டாம். செப்டம்பர் டெக்சாஸ் வெயிலுக்கு உப்புப் போட்ட நீர்மோர் இரண்டு டம்ளர், அப்புறம் நான்கு முட்டைப் பொடிமாஸ், அதை இரண்டு சப்பாத்தியில் சுருட்டி. இதையும் அவனே பண்ணிக்கொள்ளட்டும், பத்து நிமிட வேலை.

வியாழக்கிழமைக்கு அலுமினிய டிரே நான்கு, பேப்பர் தட்டு கனமானதாக, பால் ஒரு கேலன் வாங்கி வையுங்கள். மிச்சமாகிவிடுமோ என்று பயப்படாதீர்கள். மணி ஏழு ஆகும் முன் டிரே காலியாகிவிடும், அதனால் உங்களுக்கும் கணவருக்கும் ஆளுக்கு இரண்டு துண்டு முதலிலேயே எடுத்து ஒளித்து வைத்துவிடுங்கள்.