பழைய எம்பிஎஃப்ஐ காரில் சென்சாரைத் தொட்டால் மைலேஜ் கூடுமா? கேள்வி பதில்

2000 முதல் 2010 வரை வந்த மாருதி 800, ஆல்ட்டோ, ஜென், வேகன் ஆர் மாதிரியான எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிக்கும்) பெட்ரோல் வண்டிகளை வைத்தே பதில்கள் இருக்கின்றன. வேறு வண்டி என்றால் கேள்வியிலேயே சொல்லியிருக்கிறது.

கேள்வி (திருப்பூர், 2006 ஆல்ட்டோ): ஆக்சிஜன் சென்சார் ஒயரில் ஒரு சின்ன சர்க்யூட் மாட்டினால் லிட்டருக்கு நாலஞ்சு கிலோமீட்டர் கூடும்னு சொல்றாங்க. மாட்டலாமா சார்?

பதில்: வேண்டாம். அந்த சர்க்யூட் செய்வது ஒரே வேலைதான். புகைப்பாதையில் மிஞ்சும் ஆக்சிஜனைப் பார்த்து சென்சார் தரும் 0.1 முதல் 0.9 வோல்ட் சிக்னலோடு 0.2, 0.3 வோல்ட்டைச் சேர்த்து அனுப்பும். ஈசிஎம் (எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்) 0.45 வோல்ட்டை நடுக்கோடாக வைத்துப் பார்க்கிறது. அதற்கு மேல் போனால் பெட்ரோல் அதிகம் என்று நினைத்து இன்ஜெக்டர் திறக்கும் நேரத்தைக் குறைக்கும். பெட்ரோலுக்குச் சரியான கலவை 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு எரிபொருள். இதை 15.5, 16 வரை கொண்டுபோனால் சிக்கனம் கொஞ்சம் கூடும் என்பது உண்மை. ஆனால் அது சில சதவீதம்தான், நாலஞ்சு கிலோமீட்டர் இல்லை.

சிக்கல் அதற்கு அப்புறம் வருகிறது. கலவை இன்னும் மெலிந்தால் ஏதாவது ஒரு சிலிண்டர் மிஸ் ஆகும். எரியாத பெட்ரோலோடு எரியாத ஆக்சிஜனும் சைலன்சருக்குப் போகும். சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்த்து "பெட்ரோல் போதவில்லை" என்று சொல்ல, ஈசிஎம் எல்லா சிலிண்டருக்கும் கூட்டி ஊற்றும். காசு கொடுத்து மைலேஜைக் குறைத்த கதை. எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் (புகையைச் சுத்தம் செய்யும் பெட்டி) போய் எரிவதால் அதன் உள்கூடும் உருகிப்போகும்.

கேள்வி (அதே நண்பர்): அப்போ காற்று வெப்ப சென்சாரில் ரெசிஸ்டர் போடுவது?

பதில்: அதில் லாபம் இன்னும் குறைவு. சூடான காற்று என்று பொய் சொன்னால் பெட்ரோல் குறையும் என்பது கணக்கு. ஆனால் எஞ்சின் சூடானபின் ஆக்சிஜன் சென்சார் அந்தக் குறையைக் கண்டுபிடித்து ஈசிஎம்மைத் திருத்த வைத்துவிடும். மிஞ்சுவது குளிர்ந்த ஸ்டார்ட்டிலும் முழு ஆக்சிலரேட்டரிலும் மட்டும்தான். அந்த இரண்டு நேரமும் கலவையை மெலிய வைக்கக் கூடாத நேரம். பல ஈசிஎம்கள் காற்று சூடு என்றால் இக்னிஷன் டைமிங்கையும் பின்னால் தள்ளும். இழுவை குறையும், கால் இன்னும் அழுத்தும்.

கேள்வி (சேலம், 2004 வேகன் ஆர்): மைலேஜ் 16-லிருந்து 12-க்கு வந்துவிட்டது. செக் எஞ்சின் லைட் எரியவில்லை. எங்கே ஆரம்பிப்பது?

பதில்: கூலன்ட் சென்சாரில் (எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் சூட்டை அளப்பது) ஆரம்பியுங்கள். மீட்டருக்குப் போகும் ஒற்றை ஒயர் சென்சார் வேறு, ஈசிஎம்முக்குப் போகும் இரண்டு ஒயர் சென்சார் வேறு. நமக்கு வேண்டியது இரண்டாவது. கழற்றி, தண்ணீர்ப் பாத்திரத்தில் முனை மட்டும் முங்கும்படி வைத்து, ஒரு தெர்மாமீட்டரையும் போட்டுச் சூடாக்குங்கள். சுசூகி சென்சார் 20 டிகிரியில் 2.4 கிலோ ஓம்மை ஒட்டியும், 80 டிகிரியில் 0.32 கிலோ ஓம்மை ஒட்டியும் காட்ட வேண்டும்.

சென்சார் சரியாக இருந்தும் கனெக்டரில் பச்சை பிடித்திருந்தால் மைலேஜ் குறைய அதுவே போதும். அந்தத் துரு 200 ஓம் சேர்த்தால் 80 டிகிரி எஞ்சினை ஈசிஎம் 65 டிகிரி என்று படிக்கும். இன்னும் சூடாகவில்லை என்று பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். ஒயர் அறுந்தால் லைட் எரியும், இப்படிப் பாதிப் பொய்க்கு எரியாது. உங்களுக்கு லைட் எரியாதது அதனாலும் இருக்கலாம்.

சென்சார் நல்லதென்றால் தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடாகும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடாத வால்வு) இருக்கிறதா என்று பாருங்கள். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு" என்று கழற்றிப் போட்டுவிடும் பழக்கம் இங்கே நிறைய. அது இல்லாமல் பைபாஸில் ஓட்டினால் எஞ்சின் 80-ஐத் தொடவே தொடாது. 82 என்று பொறித்த தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி வெந்நீரில் தொங்கவிடுங்கள். 82-ல் திறக்க ஆரம்பித்து 95-ஐ ஒட்டி 8 மில்லிமீட்டராவது தூக்க வேண்டும். மாட்டும்போது சின்ன காற்றுத் துளை மேலே இருக்கட்டும், இல்லையென்றால் காற்று அடைத்துக்கொள்ளும்.

கேள்வி (நாகர்கோவில், 2007 ஜென் எஸ்டிலோ): ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது என்று மெக்கானிக் சொல்கிறார். மாற்றுவதற்கு முன் நாமே சோதிக்க முடியுமா அண்ணே?

பதில்: முடியும். டிஜிட்டல் மல்டிமீட்டர் வேண்டும், முள் மீட்டர் கூடாது. எஞ்சினைச் சூடாக்கி 2500 ஆர்பிஎம்மில் இரண்டு நிமிடம் வையுங்கள். கனெக்டரைக் கழற்றாமல் பின்பக்கமாக ஒரு குண்டூசியை நுழைத்து சிக்னல் ஒயரில் அளங்கள். டென்சோ நாலு ஒயர் சென்சாரில் நீலம் சிக்னல், வெள்ளை எர்த், இரண்டு கறுப்பும் ஹீட்டர்.

ரீடிங் 0.1-க்கும் 0.9-க்கும் இடையில் ஓயாமல் ஆட வேண்டும். பத்து விநாடியில் எட்டு முறை ஆடினால் நல்ல சென்சார். 0.1-லேயே நின்றால் உடனே குற்றம் சொல்லாதீர்கள். ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்துப் பாருங்கள், 0.8-க்கு ஏறினால் சென்சார் உயிரோடு இருக்கிறது. கலவைதான் மெலிவு, அல்லது சென்சாருக்கு முன்னால் மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் லீக். அந்த லீக் வெளிக்காற்றை உறிஞ்சி, இல்லாத மெலிவைக் காட்டும். ஈசிஎம் வீணாகப் பெட்ரோல் கூட்டும். மைலேஜ் குறைவுக்கு இதுவே காரணம் ஆகிவிடும்.

மாற்றுவதென்றால் 22 எம்எம் ஸ்பேனர், 45 நியூட்டன் மீட்டர் இறுக்கம். பக்கத்தில் சிலிகான் சீலன்ட் பூசாதீர்கள், அதன் ஆவியே சென்சாரைக் கெடுக்கும். கனெக்டர் இல்லாத யுனிவர்சல் சென்சார் வாங்கினால் ஒயரை சால்டர் வைக்கக் கூடாது. ஒப்பீட்டுக்கு வேண்டிய வெளிக்காற்று ஒயர் இழைகளின் சந்து வழியாகத்தான் உள்ளே போகிறது. ஈயம் அந்த வழியை அடைத்துவிடும். கிரிம்ப் (ஒயரை நசுக்கிப் பிடிக்கும் கிளிப்) போடுங்கள். மாற்றியபின் பேட்டரி நெகட்டிவை சிறிது நேரம் கழற்றி வைத்தால் ஈசிஎம் நினைவில் வைத்திருந்த பழைய கலவைத் திருத்தம் அழியும்.

கேள்வி (தஞ்சாவூர், 2005 மாருதி ஆம்னி, எல்பிஜி): கேஸ் கிட் மாட்டியபின் பெட்ரோலில் மைலேஜ் சுத்தமாக இல்லை.

பதில்: மிக்சர் வகைக் கிட்டோடு (கேஸைக் காற்றோடு கலந்து விடுவது) வரும் லாம்ப்டா எமுலேட்டரைப் பாருங்கள். கேஸில் ஓடும்போது ஈசிஎம் குழம்பாமல் இருக்க அது பொய் சிக்னல் கொடுக்கும். பெட்ரோலுக்கு மாற்றியதும் விலகிக்கொண்டு உண்மையான சிக்னலை விட வேண்டும். பெட்ரோலில் ஓடவிட்டு எமுலேட்டருக்கு முன்னும் பின்னும் அளங்கள். இரண்டு பக்கமும் ஒரே ஆட்டம் இருக்க வேண்டும். இல்லையென்றால் ரிலே ஒட்டிக்கொண்டிருக்கிறது, எமுலேட்டரை மாற்றுங்கள்.

கேள்வி (ஊட்டி): த்ராட்டில் சென்சாரைக் கொஞ்சம் திருப்பினால் ஐடிலிங் நன்றாக இருக்கிறது. விட்டுவிடலாமா?

பதில்: மலையில் ஓட்டுபவர் இதைச் செய்யவே கூடாது. கால் எடுத்து கியரில் இறங்கும்போது, த்ராட்டில் (எஞ்சினுக்குக் காற்று விடும் வால்வு) மூடியிருக்கிறது என்று சென்சார் மூலம் தெரிந்தால் ஈசிஎம் இன்ஜெக்டரையே நிறுத்திவிடும். அந்த இறக்கத்துக்குப் பெட்ரோல் செலவே இல்லை. சென்சாரைத் திருப்பினால் மூடியது ஈசிஎம்முக்குத் தெரியாமல் போய் இந்த லாபம் போய்விடும். நியூட்ரலில் இறக்கினாலும் இதே இழப்புதான், பிரேக்கும் சூடேறும்.

கேள்வி (ஈரோடு, டீசல் ஸ்விஃப்ட்): ரயில் பிரஷர் சென்சாரில் மாட்டும் பெட்டி போட்டபின் டிஸ்ப்ளேயில் மைலேஜ் ஏறியிருக்கிறது. அப்போது இது வேலை செய்கிறதுதானே?

பதில்: ரயில் என்பது இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொடுக்கும் குழாய்; பெட்டி அதன் அழுத்தத்தைக் குறைத்துக் காட்டும், பம்ப் நிஜ அழுத்தத்தை ஏற்றும், ஈசிஎம் நினைப்பதைவிட அதிக டீசல் உள்ளே போகும். டிஸ்ப்ளே போடுவது ஈசிஎம் நினைத்த கணக்கு. டேங்கை ஆட்டோ கட் வரை நிரப்பி, 400 கிலோமீட்டர் ஓட்டி, அதே பம்பில் மறுபடி நிரப்பி, ஏறிய லிட்டரால் கிலோமீட்டரை வகுத்துப் பாருங்கள்.

கேள்வி (மதுரை): சென்சார் மாற்றம் செய்தால் புகைச் சான்றிதழில் மாட்டுமா?

பதில்: பிஎஸ்4 பெட்ரோல் வண்டிக்கு வேகமான ஐடிலிங்கில் லாம்ப்டா (கலவையின் காற்றுப் பங்கை 14.7-ஆல் வகுத்த எண்) 0.97 முதல் 1.03-க்குள் இருக்க வேண்டும். முதல் கேள்வியில் சொன்ன சர்க்யூட் உண்மையிலேயே 16-க்குக் கொண்டுபோனால் லாம்ப்டா 1.09 ஆகும். பிஎஸ்3-க்கு கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 750 பிபிஎம் என்ற வரம்பு மட்டும்தான். அதில் தப்பித்துவிடலாம், மிஸ் ஆகாத வரை.