பத்துப் பன்னிரண்டு வருஷமாக ஓடாமல் நிற்கும் பழைய பிக்கப்பை வாங்கியிருக்கிறேன். 200 கிலோமீட்டர் கொண்டுவர வேண்டும். டிரெய்லரில் ஏற்றுவதா, டோ பாரில் (முன்வண்டியோடு கோக்கும் இரும்புத் தண்டில்) இழுப்பதா?

டிரெய்லர்தான். நேற்றுவரை ஓடிய வண்டி என்றால் யோசித்துச் சொல்லலாம். பத்து வருஷத்துக்கு மேல் நின்ற வண்டிக்கு யோசனையே வேண்டாம்.

டோ பாரில் இழுப்பதும் அந்த வண்டியை ஓட்டுவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான், உள்ளே ஆள் இல்லை என்பது ஒன்றே வித்தியாசம். நாலு சக்கரமும் தரையில் உருளும். டயர், வீல் பேரிங், டிஃபரன்ஷியல் எல்லாம் 200 கிலோமீட்டருக்கும் உழைத்தாக வேண்டும். உழைக்காதது பிரேக் மட்டும், அதை மிதிக்க ஆள் கிடையாதே. இறக்கத்தில் அதன் மொத்த எடையும் உங்கள் முதுகில்தான்.

அனுபவப்பட்டுச் சொல்கிறேன். என் முதல் பிக்கப்பை டோ பாரில்தான் இழுத்துவந்தேன். காற்றடித்தேன், நின்றது. தள்ளினேன், உருண்டது. நான் செய்த சோதனை அவ்வளவுதான். பதினைந்து கிலோமீட்டர் தாண்டி ஓரம்கட்டி, கொக்கியைப் பார்க்க இறங்கினேன். பின்னால் இடது சக்கரத்தின் பக்கம் குனிந்ததுமே முகத்தில் அனல் அடித்தது. பாட்டிலில் இருந்து நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்தேன். 'சொய்ங்' என்று ஆவியாகிப்போனது. மற்ற மூன்று சக்கரத்திலும் கை வைக்க முடிந்தது. துருப்பிடித்த பிரேக் ஷூ டிரம்மை விடாமல் உரசிக்கொண்டே வந்திருக்கிறது. முன்வண்டியில் உட்கார்ந்திருந்த எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தீய்ந்த வாடைகூடக் காற்றோடு பின்னால் போய்விட்டது.

அன்றைக்கு கியர் பாக்ஸ் தப்பியது அதிர்ஷ்டம். பின்சக்கரம் இழுக்கும் வண்டியில், சக்கரம் உருண்டால் கியர் பாக்ஸையும் பின் ஆக்ஸிலையும் இணைக்கும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் சுற்றும், அது கியர் பாக்ஸின் பின்தண்டையும் சுற்றவைக்கும். ஆட்டோமேட்டிக் என்றால் உள்ளே ஆயிலை ஏற்றும் பம்ப் எஞ்சின் ஓடினால்தான் ஓடும்; எஞ்சின் நின்றிருக்கும்போது உலர்ந்தே தேயும். மேனுவல்தானே, நியூட்ரலில் போட்டால் போதும் என்பார்கள். ஆனால் பல மேனுவல் கியர் பாக்ஸ்களில், அடியில் ஆயிலில் முங்கி அதை மேலே வாரியடிக்கும் தண்டு நியூட்ரலில் சுற்றுவதில்லை. ஆகவே தூரம் இழுப்பதென்றால் ஷாஃப்டைக் கழற்றிவிட்டுத்தான் இழுக்க வேண்டும். கழற்றும் முன், போல்ட் போட்டுச் சேர்த்திருக்கும் இரண்டு ஃபிளாஞ்சிலும் (வட்டத் தகட்டிலும்) பெயிண்டால் ஒரு கோடு போட்டுவையுங்கள், திரும்ப அதே நிலையில் பூட்டலாம். முன்முனை கியர் பாக்ஸுக்குள் செருகியிருக்கும் வகை என்றால் அந்த ஓட்டை வழியாக ஆயில் ஒழுகும். பிளாஸ்டிக் பையைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிடுங்கள்.

அப்படியும் டோ பார்தான் என்றால், பம்பரில் மாட்டாதீர்கள், சாசியில் மாட்டுங்கள். டயரின் பக்கவாட்டில் இருக்கும் கடைசி நாலு எண்ணைப் பாருங்கள்: 2309 என்றிருந்தால் 2009-ம் வருஷம் 23-வது வாரம் செய்தது. அவ்வளவு பழைய டயர் என்றால், பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அதை நம்பிப் புறப்படக் கூடாது. இன்னொன்று, ரிவர்ஸ் எடுக்கவே முடியாது, பின்வண்டியின் முன்சக்கரங்கள் கோணிக்கொள்ளும். தப்பான சந்தில் நுழைந்தால் கழற்றித்தான் திருப்ப வேண்டும்.

டிரெய்லரில் ஏற்றிவிட்டால் கவலை விட்டது என்றும் இல்லை. அடுத்த வண்டியை அப்படித்தான் ஏற்றினேன். சாய்பலகையைத் தாண்டி ஏற்றியதும் கை ஓய்ந்துபோய், இருந்த இடத்திலேயே கட்டிவிட்டேன். எடை முழுக்கப் பின்னால். முதல் இறக்கத்திலேயே டிரெய்லர் வாலாட்ட ஆரம்பித்தது. கண்ணாடியில் அது இடமும் வலமுமாக எட்டிப் பார்த்ததை இன்றுவரை மறக்கவில்லை. டிரெய்லரும் சரக்கும் சேர்ந்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் உட்கார வேண்டும். மொத்தம் 2,500 கிலோ என்றால் 250 முதல் 375 கிலோ. எஞ்சின் முன்பக்கம் வரும்படி ஏற்றி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திச் சரிசெய்யலாம். ஆட்டம் வந்துவிட்டால் முன்வண்டி பிரேக்கை அழுத்தாதீர்கள், ஸ்டீயரிங்கை வெட்டாதீர்கள். ஆக்ஸிலரேட்டரை விட்டுவிடுங்கள், டிரெய்லருக்குத் தனி பிரேக் இருந்தால் அதை மட்டும் மெதுவாகப் பிடியுங்கள்.

உங்கள் வண்டி எவ்வளவு இழுக்கும் என்று பார்க்கும்போது டிரெய்லரின் சொந்த எடையையும் கூட்டுங்கள், பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். நாலு மூலையிலும் சாசியிலோ ஆக்ஸிலிலோ கட்டுங்கள். கட்டும் பெல்ட்டின் லேபிளில் இரண்டு எண் இருந்தால் சின்னதுதான் உங்களுக்கு, பெரியது அறுந்துபோகும் அளவு. 20 கிலோமீட்டரில் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள், கட்டாயம் தளர்ந்திருக்கும். பழைய பானெட் லாக்கை நம்பாமல் கயிறு போட்டுக் கட்டுங்கள். பின் தொட்டியில் கிடக்கும் குப்பையையும் வாரிவிடுங்கள், இல்லாவிட்டால் பின்னால் வருகிறவர் கண்ணாடிக்குப் போய்விடும்.

விற்பவரிடம் இன்றைக்கே போன் செய்து சாவி இருக்கிறதா என்று கேளுங்கள். ஸ்டீயரிங் லாக் விழுந்த வண்டியில் முன்சக்கரம் கோணிக்கொண்டு நின்றிருந்தால், வின்ச் போட்டு இழுத்தாலும் அது சாய்பலகையில் நேராக ஏறாது.