கடைச் சீட்டில் உள்ள எழுத்துகளைப் படித்து மடிக்கணினி வாங்குவது எப்படி?

கேள்வி: பி.காம். சேர்ந்திருக்கும் என் மகளுக்கு மடிக்கணினி வாங்கச் சென்றபோது, ‘ஐ5, 8 ஜி.பி. ரேம், 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி., எஃப்.எச்.டி.’ என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். இதை மட்டும் வைத்து முடிவு செய்யலாமா?

பதில்: கூடாது. இந்தச் சீட்டில் எழுதப்படாமல் விடப்பட்ட விவரங்களால்தான் ஒரே மாதிரி தோன்றும் இரண்டு மடிக்கணினிகளின் விலையில் ஆயிரக்கணக்கான ரூபாய் வேறுபடுகிறது.

முதலில் ஐ5. இது இன்டெல் நிறுவனத்தின் சி.பி.யு. வரிசைகளுள் ஒன்று. சி.பி.யு. என்பது கணக்கீடுகளைச் செய்யும் சில்லு மட்டுமே. மேசைக் கணினியின் பெட்டி முழுவதையும் அந்தப் பெயரால் அழைப்பது நம் ஊர்ப் பழக்கம். 2017இல் வெளியான ஐ5-8250யு, 2022இல் வெளியான ஐ5-1235யு ஆகிய இரண்டுமே ஐ5தான் என்றாலும், முன்னதில் 4 கோர்களும் (கணக்கிடும் பகுதிகள்) பின்னதில் 10 கோர்களும் உள்ளன. ஆகவே, முழு மாடல் எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள். இந்த எண்களில் 8, 12 என்று தொடக்கத்தில் இருப்பதே தலைமுறையைக் குறிக்கும். பழைய மடிக்கணினி வாங்குவோருக்கு இது இன்னும் முக்கியம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. 8ஆம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் சில்லுகளில், மிகச் சில தவிர, விண்டோஸ் 11க்கு அதிகாரபூர்வ ஆதரவு கிடையாது.

அடுத்து ரேம். நாம் திறந்து வைத்திருக்கும் மென்பொருள்கள் இயங்கத் தேவையான தகவல்களைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம் இது. கணினியை அணைத்தால் இதில் இருப்பவை அழிந்துவிடும். டேலி, எக்செல், பிரவுசர் ஆகியவற்றுக்கு இன்று 8 ஜி.பி. போதும், ஆனால் படிப்பு முடியும் வரை போதுமா என்பதுதான் கேள்வி. எனவே, ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டதா, கூடுதல் ரேம் பொருத்தக் காலி ஸ்லாட் உள்ளதா என்று கட்டாயம் கேளுங்கள். விவரப் பட்டியலில் ‘எல்.பி.டி.டி.ஆர்.’ என்று இருந்தால் பெரும்பாலும் அது பற்றவைக்கப்பட்டதாகவே இருக்கும். பின்னாளில் கூட்ட முடியாது. ‘எல்.பி.’ இல்லாமல் வெறும் டி.டி.ஆர்.4 என்ற ரேம் வகை குறிப்பிடப்பட்டிருந்தால் டி.டி.ஆர்.4 ரேமையும், டி.டி.ஆர்.5 என்றால் டி.டி.ஆர்.5 ரேமையும்தான் வாங்கிப் பொருத்த முடியும். இந்தச் சீட்டைப் பொறுத்தவரை எல்லாவற்றையும்விட அவசியமான கேள்வி இதுவே என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் எஸ்.எஸ்.டி.யைப் பெரும்பாலான மடிக்கணினிகளில் பிறகு மாற்றிக்கொள்ளலாம். பற்றவைத்த ரேமை மாற்ற வழியில்லை.

கோப்புகள் நிலையாக இருக்கும் இடம் எஸ்.எஸ்.டி. அதில் சாட்டா வகை நொடிக்குச் சுமார் 550 எம்.பி. வரை படிக்கும், என்.வி.எம்.இ. வகையோ சில ஆயிரம் எம்.பி. வரை படிக்கக்கூடியது. எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே, அந்த வடிவத்தில் இரண்டு வகையும் வருவதால் அதைக் கேட்டு நிறைவடைந்துவிட வேண்டாம். மிகக் குறைந்த விலை மடிக்கணினிகளில் இருக்கும் இ.எம்.எம்.சி. இவற்றைவிட மெதுவானது, அதைக் கல்லூரி மாணவருக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

எஃப்.எச்.டி. என்பது 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட திரை. அது ஐ.பி.எஸ். வகையாக இருந்தால் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாது.

கேள்வி: 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. என்று சொல்லி விற்றார்கள். கணினியில் 476 ஜி.பி.தான் தெரிகிறது. ஏமாற்றப்பட்டேனா?

பதில்: இல்லை. தயாரிப்பாளர்கள் 100 கோடி பைட்டுகளை 1 ஜி.பி. என்று கணக்கிடுகிறார்கள், விண்டோஸ் 1,07,37,41,824 பைட்டுகளை 1 ஜி.பி. என்று காட்டுகிறது. ஆகவே 512 என்பது 476 ஆகத் தெரிவது இயல்பு. சி, டி என இரண்டு டிரைவ்களாகப் பிரிக்கப்பட்டிருந்தால் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். மொத்தமே 238ஐ ஒட்டி இருந்தால் உங்களுக்குக் கிடைத்திருப்பது 256 ஜி.பி.; உடனே ரசீதுடன் கடைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: வீட்டில் 100 எம்.பி.பி.எஸ். இணைய இணைப்பு எடுத்திருக்கிறோம். பதிவிறக்கும்போது நொடிக்கு 11 அல்லது 12 எம்.பி. என்றே காட்டுகிறது.

பதில்: உங்கள் இணைப்பு சரியாகவே இருக்கிறது. ஐ.எஸ்.பி. எனப்படும் இணையச் சேவை நிறுவனங்கள் வேகத்தைப் பிட் கணக்கில் சொல்கின்றன. பதிவிறக்கும்போது பிரவுசர் பைட் கணக்கில் காட்டுகிறது. 8 பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், 100ஐ 8ஆல் வகுத்தால் வரும் 12.5தான் நீங்கள் எதிர்பார்க்கக்கூடிய உச்ச அளவு.

நீங்கள் சொல்லும் 11, 12ஐவிட மிகவும் குறைவாகத் தெரிந்தால், புகார் செய்வதற்கு முன் லேன் கேபிள் மூலம் ரவுட்டரை மடிக்கணினியுடன் நேரடியாக இணைத்துச் சோதித்துப் பாருங்கள். கேபிளில் முழு வேகமும் வைஃபையில் குறைந்த வேகமும் இருந்தால், குறை வெளியிலிருந்து வரும் இணைப்பில் இல்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை சுவர்களைத் தாண்டி வந்தாலும் அக்கம்பக்கத்து வீடுகளின் வைஃபை நெரிசலால் அதில் வேகம் குறையும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் தொலைவு செல்லாது. ரவுட்டரில் இரண்டும் உண்டா என்று பாருங்கள். கேபிளிலும் வேகம் குறைந்தால் எஃப்.யு.பி. எனப்படும் நியாயமான பயன்பாட்டு வரம்பைத் தாண்டிவிட்டீர்களா என்று பார்க்க வேண்டும். ‘அன்லிமிடெட்’ என்று விளம்பரம் செய்யப்படும் திட்டங்களிலும் மாதத்துக்கு ஒரு டேட்டா அளவு வைத்து, அதற்குப் பிறகு வேகத்தைக் குறைப்பதுண்டு. அந்த அளவு எவ்வளவு, அதன் பிறகு வேகம் எவ்வளவு என்ற இரண்டையும் பணம் கட்டும் முன்பே கேட்பது நுகர்வோரின் உரிமை.

கேள்வி: புதிய மடிக்கணினியின் டைப்-சி துளையிலிருந்து டி.வி.க்குக் கேபிள் இணைத்தும் படம் வரவில்லை. கடைக்காரர் “எல்லாம் வரும்” என்றுதான் சொல்லி விற்றார்.

பதில்: டைப்-சி என்பது துளையின் வடிவம் மட்டுமே. அதன் வழியாகப் படம் செல்வதற்கு டிஸ்ப்ளேபோர்ட் வசதி தனியே இருக்க வேண்டும். உங்கள் மாடலின் விவரப் பட்டியலில் அது உள்ளதா என்று பாருங்கள். கணினியில் எச்.டி.எம்.ஐ. துளை இருந்தால், தற்போதைக்கு அதன் வழியே டி.வி.யை இணைத்துக்கொள்ளலாம். கடைக்காரர் வாய்மொழியாகச் சொன்னதை நிரூபிப்பது கடினம், எனவே வாங்கும்போது முழு மாடல் எண், ரேம் வகை, எஸ்.எஸ்.டி. வகை ஆகியவற்றை ஜி.எஸ்.டி. ரசீதிலேயே குறிப்பிடச் சொல்ல வேண்டும். ரசீதில் உள்ளதற்கு மாறான பொருளைக் கொடுத்துவிட்டு மாற்றித் தர மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம்.