வன்னியில் காணி உரிமைக்காகப் போராடும் விவசாயிகளைப் பற்றி ஆவணப்படம் எடுக்க விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

ஒரு சொப்பிங் பையிலிருந்து தொடங்குங்கள். காணிப் பிரச்சினை உள்ள எந்த வீட்டுக்குப் போனாலும் அலுமாரிக்குள் அது இருக்கும். மடிப்பில் கிழிந்த பெர்மிட் (அரச காணியில் பயிர் செய்யத் தரும் அனுமதிப்பத்திரம்), கிராம அலுவலரின் கடிதம், ஏக்கர் வரி கட்டிய பற்றுச்சீட்டு, கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, எழுதிய மனுக்களின் நிழற்படப் பிரதிகள். சிலர் அந்தப் பையை 2009இல் யுத்தத்தின் கடைசி நாட்களில் மாத்தளன் கரை வரை சுமந்துபோய்த் திரும்பக் கொண்டுவந்தவர்கள். பலருக்கு அது வழியிலேயே போய்விட்டது. பை உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையே இருப்பதுதான் உங்கள் கதை.

நான் கிளிநொச்சியில் இருந்துகொண்டு வெளியிலிருந்து வரும் படக்குழுக்களுக்கு ஒளிப்பதிவிலும் ஒழுங்குபடுத்தலிலும் உதவுகிறவன். வருகிறவர்களில் பெரும்பாலானோர் கண்ணீரைத் தேடித்தான் வருகிறார்கள். போராட்டக் கொட்டகை ஒன்றில், கமராவைக் கண்டதும் ஒரு அம்மா கேட்டார்: “தம்பி, இப்போது அழவா, பெயர் சொன்ன பிறகு அழவா?” கொட்டகையே சிரித்தது. எத்தனையோ நிறுவனங்களுக்கும் ஆணைக்குழுக்களுக்கும் ஒரே கதையைச் சொல்லிச் சொல்லி அது அவர்களுக்கு மனப்பாடமாகிவிட்டது. அதையே நீங்களும் பதிவுசெய்தால் இன்னொரு பிரதிதான் மிஞ்சும்.

‘காணிப் போராட்டம்’ என்று பொதுவாகப் படமெடுக்க முடியாது. ஊருக்கு ஊர் எதிரே நிற்பது வேறு. கேப்பாப்புலவில், பிலக்குடியிருப்பு மக்கள் 2017 ஜனவரி 31 முதல் விமானப்படை முகாமுக்கு முன் இரவு பகலாக இருந்து, மார்ச் தொடக்கத்தில் தங்கள் காணிக்குள் போனார்கள். அங்கே எதிரே இருந்தது முள்வேலி, கண்ணால் காணலாம். கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, கொக்கிளாய்ப் பக்கம் அப்படியல்ல. 1984இல் துரத்தப்பட்டவர்கள் யுத்தம் முடிந்து திரும்பியபோது, அவர்களின் வயல்களில் ஒரு பகுதி அரசின் மகாவலி அபிவிருத்தித் திட்டத்தின் எல் (L) வலயத்துக்குள் போய், வேறு ஆட்களின் கையில் இருந்தது. வேறு சில ஊர்களில் வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல்தான் பிரச்சினை. ஆள் இல்லாத காலத்தில் வயலில் பற்றை வளர்ந்து காடாகிவிட, அந்தக் காட்டுக்கு இப்போது சட்டம் காவல் இருக்கிறது. இன்னும் சிலருக்கு எதிரி வெறும் தாள். 2025 மார்ச் 28ஆம் திகதிய வர்த்தமானி வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கருக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோரச் சொன்னது. தவறினால் அது அரச காணி. முல்லைத்தீவும் கிளிநொச்சியும் மன்னாரும் அதில் அடங்கின. எதிர்ப்புக் கிளம்பி, வழக்கும் போடப்பட்டு, அது மீளப்பெறப்பட்டது. இவற்றில் ஒன்றை மட்டும் எடுங்கள். நான்கையும் ஒரு மணி நேரத்துக்குள் அடக்கினால் அது செய்தித் தொகுப்பு.

பேட்டிக்குக் கதிரை போடாதீர்கள். காணிக்குள் போக முடிந்தால் அவரோடு நடந்துபோங்கள். “உங்களுக்கு என்ன நடந்தது?” என்று கேட்டால் மனப்பாடம்தான் வரும். “இந்தக் கிணறு எத்தனை முழம்? யார் வெட்டியது? எந்த வரம்பில் தண்ணீர் முதலில் ஏறும்?” என்று கேட்டுப் பாருங்கள். தென்னிலங்கையிலிருந்து வந்த ஒரு குழுவோடு போனபோது, அதுவரை வாய் திறக்காத ஒரு ஐயா, எல்லையில் நின்ற பாலை மரத்தைக் காட்டி, அதிலிருந்து கால்களால் அளந்துகொண்டே போய் ஓர் இடத்தில் குந்தி, புல்லை விலக்கினார். கிணற்றுக்கட்டின் உடைந்த சீமெந்து தெரிந்தது. அடியில் அவருடைய தகப்பனார் ஆணியால் கீறிய ஆண்டு பாதி அழிந்துபோய் இருந்தது. அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. நிறுத்தவும் கூடாது.

காலத்தைப் போகத்தை வைத்துத் திட்டமிடுங்கள். ஆவணியில் வந்தால் காய்ந்த தரையும் சோளகக் காற்றும்தான் கிடைக்கும். அந்தக் காற்று எந்த ஒலிவாங்கியையும் கெடுக்கும். காலபோகத்துக்கு (மாரிமழைப் போகத்துக்கு) உலர்ந்த மண்ணில் புழுதி விதைப்பதற்கு முன் வந்து, தை மாசியில் அருவி வெட்டு, அதாவது நெல் அறுவடை, முடியும்வரை இடையிடையே வந்துபோனால், பக்கத்துக் காணியில் நெல் விளைவதைச் சொந்தக் காணிக்காரர் வேலிக்கு இப்பால் நின்று பார்ப்பது தானாகவே படத்தில் விழும். அதற்குப் பின்னணி இசை தேவையில்லை.

இனி மிக முக்கியமானது. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 1935இல் வந்தது. இரணைமடுக் குளத்தின் கீழும் வவுனிக்குளத்தின் கீழும் உள்ள குடியேற்றக் காணிகளில் ஏராளமானவை அதன்படி வழங்கப்பட்ட பெர்மிட் காணிகள். அனுமதியின்றிக் கைமாற்றுவதும் பயிர் செய்யாமல் விடுவதும் நிபந்தனை மீறல் ஆகலாம். ஆகவே “கஷ்டத்தில் குத்தகைக்குக் கொடுத்துவிட்டேன்”, “இத்தனை வருடம் விதைக்கவில்லை” என்று ஒருவர் மனம் திறந்து கமராவில் சொல்வது அவருக்கே வினையாகலாம். உங்களுக்கு அது உருக்கமான காட்சி, ஓர் அதிகாரிக்கு வாக்குமூலம். படத்தொகுப்பு முடிந்ததும் காணி வழக்குகள் தெரிந்த ஒரு சட்டத்தரணிக்குப் போட்டுக் காட்டுங்கள், பிறகு பேசியவருக்கும். அவர் வெட்டச் சொன்னால் வெட்டுங்கள், வாதாட வேண்டாம். கணவன் காணாமல் போன பெண்களிடம் இன்னும் கவனம் தேவை. 2022இல் திருத்தம் வரும்வரை அந்தச் சட்டத்தின் வாரிசு வரிசை ஆண்களுக்கே முன்னிடம் கொடுத்தது. ஆகவே சில வீடுகளில் எதிர்த்தரப்பு முகாம் அல்ல, மைத்துனர். அதைக் கேட்பதற்கு முன் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

ட்ரோனை அனுமதி இல்லாமல் பறக்கவிடாதீர்கள். நீங்கள் கொழும்புக்குப் போய்விடுவீர்கள், விசாரணைக்கு வருகிறவர்கள் ஊர்க்காரரிடம்தான் வருவார்கள்.

சிங்களத் துணைத்தலைப்பைக் கட்டாயம் போடுங்கள். ஆங்கிலம் விழாவுக்கு உதவும். ஆனால் கோப்பைக் கையில் வைத்திருப்பவர்களில் பலர் சிங்களத்தில்தான் வாசிக்கிறார்கள். வெட்டாத முழுப் பதிவின் பிரதி ஒன்றைக் குடும்பத்திடமும் இன்னொன்றை ஊர்க் கமக்காரர் அமைப்பிடமும் கொடுங்கள். எல்லை தெரிந்த முதியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பாலை மரத்திலிருந்து கிணறுவரை ஒருவர் நடந்து காட்டிய பதிவு நாளைக்கு ஒரு விசாரணையில் தேவைப்படலாம். பென் டிரைவ் மட்டும் போதாது, பிள்ளைகளின் கைபேசியிலும் ஏற்றிவிடுங்கள்.