டிமென்ஷியா உள்ள பெரியவர்களைக் காப்பகத்தில் சேர்ப்பது சரியா? அங்கே என்ன நன்மை?

உங்கள் மாமியாருக்கு 74 வயது, மூன்று வருடமாக டிமென்ஷியா என்கிற மறதி நோய், ராத்திரியில் தூங்குவதே இல்லை, இந்த நோய்க்கென்றே இருக்கும் காப்பகத்தில் சேர்த்தால் நன்மை உண்டா, இல்லை அது கைவிடுவதாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் அப்பாவை இரண்டு வருடத்துக்கு முன்னால் அப்படி ஓர் இடத்தில் சேர்த்தேன். நன்மை உண்டு. நான் எதிர்பார்த்துப் போனது வேறு, கிடைத்தது வேறு.

அப்பா சேலம் செவ்வாய்ப்பேட்டையில் நாற்பது வருடம் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்தவர். நோய் முற்றியபோது பீரோவைத் திறந்து திறந்து வெள்ளியைத் தேடுவார். கிடைக்காது. நான்தான் எடுத்துவிட்டேன் என்பார். இந்த நோயில் திருட்டுச் சந்தேகம் சகஜம், பெரும்பாலும் பக்கத்திலேயே இருந்து பார்ப்பவர் மேல்தான் விழும் என்று டாக்டர் சொன்னார். தெரிந்திருந்தும் ஒவ்வொரு முறையும் அழுதேன். ஒரு மார்கழி மாதம் ராத்திரி 2 மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். லீ பஜாரில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். அவர்களுக்கு இன்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன். அதற்கப்புறம் வாசலுக்கு உள்பக்கம் பூட்டுப் போட்டேன். அவர் விடிய விடிய அந்தப் பூட்டை ஆட்டிக்கொண்டிருப்பார். நான் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு அங்கேயே படுத்திருப்பேன். மகளாக இருந்தது போய்க் காவல்காரியாகிவிட்டேன்.

காப்பகத்தின் முதல் நன்மை அந்த ராத்திரிதான். அங்கே இரவு வேலைக்கு வருபவர் பகலில் தூங்கி எழுந்து வருகிறார். ஒரே கேள்வியை இருபதாவது முறை கேட்டாலும் அவரால் பொறுமையாகப் பதில் சொல்ல முடிகிறது. எனக்கு இல்லாமல் போனது பாசம் இல்லை, தூக்கம். அங்கேயும் வாசல் பூட்டித்தான் இருக்கிறது. ஆனால் தோட்டத்தைச் சுற்றி முட்டுச்சந்தே இல்லாத நடைபாதை போட்டிருக்கிறார்கள். அப்பா சாயங்காலம் ஆனால் நிலைகொள்ளாமல் தவிப்பார். இந்த நோயில் பலருக்குப் பொழுது சாயும்போதுதான் குழப்பம் கூடும். அந்த நேரத்தில் நடக்கிறார், நடக்கிறார், களைத்துப்போய்ச் சாப்பிட உட்காருகிறார்.

இன்னொன்று, அவர்கள் வாதாடுவதில்லை. அப்பா தன் அம்மாவைத் தேடுவார். "ஆத்தா செத்து முப்பது வருஷம் ஆச்சுப்பா" என்று நான் சொல்லிவிடுவேன். ஒவ்வொரு முறையும் அவருக்கு அது புதுச் சாவு. காப்பகத்தில் ஒரு பெண், "ஐயா, அம்மா என்ன குழம்பு வைப்பாங்க?" என்று கேட்டார். அப்பா பத்து நிமிஷம் கொள்ளுக் கடைசலைப் பற்றிப் பேசினார். அதே பெண்தான் அவர் தொழிலைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒரு டப்பா நிறைய பித்தளை வளையங்களும் கொக்கிகளும் கொண்டுவந்து வைத்தார். பெயர், தேதி எல்லாம் போன பிறகும் கை பழகிய வேலை நெடுநாள் நிற்கும். அப்பா வளையம் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளியைத் தேடுவது அன்றோடு நிற்கவில்லை, ஆனால் நன்றாகக் குறைந்தது.

நோயைப் படித்தவர்கள் கண்ணில்தான் சில விஷயங்கள் படும். போன வருடம் ஒரு நாள் திடீரென்று அப்பா கத்தி, அடிக்கப் போனார். வீடாக இருந்தால் நோய் முற்றிவிட்டது என்று நினைத்திருப்பேன். அங்கிருந்த நர்ஸ், ஒரே நாளில் இப்படி மாறினால் வேறு காரணம் இருக்கும் என்று சிறுநீரைப் பரிசோதிக்கச் சொன்னார். கிருமித் தொற்று. மருந்து கொடுத்து ஒரு வாரத்தில் பழையபடி ஆனார். சாப்பாட்டுத் தட்டும் அப்படித்தான்: வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு அவர் கண்ணுக்குத் தெரியவில்லை, நிறமுள்ள தட்டுக்கு மாற்றியதும் தானாகவே எடுத்துச் சாப்பிட்டார்.

இதெல்லாம் நோயைக் குணமாக்காது, மருந்தாலும் திருப்ப முடியாது. சேர்ப்பதற்கு முன் பி12 வைட்டமின், தைராய்டு, மனச்சோர்வு இந்த மூன்றையும் பார்த்தாயிற்றா என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். இவையும் மறதியைக் கொண்டுவரும், இவற்றுக்கு வைத்தியம் உண்டு. மாமியார் இன்னும் ஆள் அடையாளம் தெரிந்து, வீட்டு வேலையில் கை கொடுத்துக்கொண்டு இருந்தால், வீட்டில் மாற்றி மாற்றிப் பார்க்க ஆளும் இருந்தால், அவசரப்பட வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். முதல் மாதம் அப்பாவுக்கு மோசமாகத்தான் இருந்தது. "வீட்டுக்குப் போலாம் கண்ணு" என்று கையைப் பிடித்துக்கொள்வார். எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார் என்பதை நினைத்துத்தான் தாங்கிக்கொண்டேன்.

இடம் பார்ப்பது எப்படி என்றால், பகல் 11 மணிக்குப் போகாதீர்கள், அப்போது எல்லா இடமும் நன்றாக இருக்கும். சாயங்காலம் 6 மணிக்குப் போங்கள். ராத்திரி எத்தனை பேருக்கு எத்தனை ஆள் என்று கேளுங்கள். யாரையாவது கட்டிலில் கட்டி வைத்திருக்கிறார்களா, எல்லாரும் மந்தமாகத் தூங்கி வழிகிறார்களா என்று பாருங்கள். அடக்கி வைப்பதற்காகக் கொடுக்கும் மனநோய் மருந்துகள் இந்த நோயாளிகளுக்குப் பக்கவாத ஆபத்தைக் கூட்டும். நான் முதலில் பார்த்த ஓர் இடத்தில் அப்படித்தான் இருந்தது, திரும்பி வந்துவிட்டேன். டயபர், மருந்து, ஆஸ்பத்திரிச் செலவு தனியா என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டில் குளுகுளுவென்று அமைதியாக இருக்குமே என்று நானும் ஆசைப்பட்டேன். அண்ணன்தான் தடுத்தான். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வாரத்துக்கு எத்தனை தடவை போவாய், நடுராத்திரி மூச்சுத் திணறினால் கீழே எப்படிக் கொண்டுவருவாய் என்று கேட்டான். கடைசியில் கோரிமேடு தாண்டி, மலை தெரிகிற மாதிரி ஓர் இடம் பார்த்தோம். டவுன் பஸ்ஸில் போய் வருகிறேன். வாரம் மூன்று நாள் போவதால்தான் அங்கே நடப்பதும் தெரிகிறது.

ஊர் பேசும். "பெத்த அப்பனைக் கொண்டுபோய் விட்டுட்டா" என்று எங்கள் தெருவிலும் பேசினார்கள். இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம், ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அப்படிப் பேசியவர்களில் ஒருவர் ஆறு மாதம் கழித்து, தன் அண்ணிக்காக அந்த இடத்தின் நம்பர் கேட்டார். கொடுத்தேன். நீங்கள் முதலில் யாரிடமாவது பேசிப் பார்க்க நினைத்தால் 14567 முதியோர் உதவி எண், கட்டணம் இல்லை.

சேர்க்கும் நாளன்று புதுப் போர்வை, புது நைட்டி என்று வாங்கிக் கொடுக்காதீர்கள். மாமியார் தினமும் போர்த்துகிற பழைய போர்வை, தலையணை, விளக்கேற்றும்போது பார்க்கும் சாமி படம், அதே டம்ளர், இவற்றை எடுத்துப் போங்கள். போர்வையைத் துவைக்காமலே கொண்டுபோங்கள், வீட்டு வாசனை இருக்கட்டும்.