மகள் டீயையும் சாப்பாட்டையும் பற்றி எழுதிப் பிழைக்க முடியுமா? மூணாறில் இருந்து கேட்ட ஒரு அம்மாவுக்கு

அக்கா,

உங்கள் கடிதத்தைப் படித்தேன். பி.காம் முடிக்கப்போகிற மகள் பேங்க் பரீட்சை வேண்டாம் என்கிறாள். ஊர் ஊராகப் போய்ச் சாப்பாடு, டீ, ஒயின் பற்றி எழுதி, படமெடுத்துச் சம்பாதிக்கிறேன் என்கிறாள். தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கிற உங்களுக்கோ ரிட்டயர் ஆக அதிக வருஷம் இல்லை. அதன்பின் தோட்டத்தில் கொடுத்த லயத்து வீட்டையும் காலி செய்துவிட்டு இறங்க வேண்டும். இந்த நிலையில் பயம் வராமல் எப்படி இருக்கும்? ஆனாலும் அவளைத் தடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். அவள் தேடிப் போகிற சரக்கு உங்கள் வீட்டு வாசலிலேயே கிடக்கிறது. அதற்குக் காசு கொடுக்கப்போவது யார் என்பதைத்தான் அவள் இன்னும் யோசிக்கவில்லை.

முதலில் சரக்கைப் பார்ப்போம். மூணாறு டீயைப் பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் பச்சை மலையைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். உங்கள் பாப்பாவுக்கு இலை பறிக்கிற நிரை (செடி வரிசை) தெரியும், எடை போடும் இடத்தில் நடக்கும் வாக்குவாதம் தெரியும், முற்றின இலை கலந்தால் சூப்பர்வைசர் என்ன சொல்வார் என்று தெரியும். 2005-ல் டாடா டீ ஒதுங்கிக்கொண்டபோது தொழிலாளர்களும் பங்குதாரர்களாகச் சேர்ந்து கண்ணன் தேவன் மலைத்தோட்டக் கம்பெனி உருவானதும், 2015 செப்டம்பரில் பொம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை, என்ற பெயரில் தோட்டத்துப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்து போராடியதும் அவளுக்கு வீட்டுப் பேச்சு. வெளியூர்க்காரர் எத்தனை தடவை வந்தாலும் இது கிடைக்காது.

ஆனால் தோட்டத்தில் பிறந்தால் மட்டும் டீயின் ருசி தெரிந்துவிடாது. லயத்தில் நாம் குடிப்பது பெரும்பாலும் டஸ்ட்தான். சிடிசி இயந்திரத்தில் நொறுக்கிச் சுருட்டிய தூள் அது. பாலுக்குத் தாங்கும், கடுப்பும் நிறமும் இருக்கும். கொழுக்குமலையில் செய்கிற ஆர்த்தடாக்ஸ் தேயிலை அப்படியில்லை. இலையை வாட்டி, உருட்டி, முறுக்கு கலையாமல் காயவைக்கிறார்கள். அதில் பால் ஊற்றினால் வாசனை போய்விடும். இந்த வித்தியாசத்தை நாக்கால் அறிய ஒரு பயிற்சி சொல்கிறேன். தேயிலையைச் சோதிக்க ஐஎஸ்ஓ 3103 என்று ஒரு அளவுமுறை உண்டு: 100 மில்லி கொதித்த தண்ணீருக்கு 2 கிராம் தூள், மூடிவைத்து 6 நிமிடம். ஒரு சின்ன டிஜிட்டல் தராசு போதும். சர்க்கரை இல்லாமல் நாலைந்து தூளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சத்தம் வரும்படி உறிஞ்சிக் குடிக்கட்டும். வெந்த இலையின் நிறத்தையும் வாசனையையும் நோட்டில் குறிக்கட்டும். சரியாக வாடாத இலையில் ஒரு பச்சை வாடை அடிக்கும். அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்துவிட்டால், அவள் எழுதுகிற ஒரு பத்திக்கே தனி மதிப்பு வந்துவிடும். இதிலேயே மேலே போக ஆசைப்பட்டால், பெங்களூருவில் உள்ள இந்தியத் தோட்ட மேலாண்மை நிறுவனம் டீ டேஸ்டிங் பயிற்சி நடத்துகிறது. சமையல் பக்கம் மனம் போனால் தொடுபுழாவில் ஃபுட் கிராஃப்ட் இன்ஸ்டிடியூட் இருக்கிறது. இரண்டையும் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம், அவசரமில்லை.

சாப்பாட்டுக்காக அவள் தூரம் போக வேண்டியதில்லை. மறையூரில் கரும்புச்சாறு காய்ச்சி, சூடு ஆறுவதற்குள் கையாலேயே உருட்டுகிற வெல்லத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. போடி மெட்டு இறங்கினால் ஏலக்காய் ஏலம், கம்பம் பக்கம் போனால் பன்னீர் திராட்சை. இவ்வளவும் பஸ்ஸில் போய் வருகிற தூரம்தான்.

ஒயின் விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்வேன். கேரளத்தில் 23 வயது ஆகாமல் மது வாங்கவோ குடிக்கவோ கூடாது. அப்காரி சட்டம் என்கிற மதுச் சட்டப்படி மதுவை விளம்பரம் செய்வதும் குற்றம். ஒரு பாட்டிலைப் புகழ்ந்து காசு வாங்கி வீடியோ போட்டால் எக்சைஸ்காரர்கள் தேடி வருவார்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் வீட்டு ஒயின் செய்முறை போட ஆசை வரும், அதுவும் வேண்டாம். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துக் கள்ளுஷாப்புக் கறியைப் பற்றி எழுத ஆசைப்பட்டால், ஒரு ஆள் துணையோடு பகலில் போய்ச் சமையல்கட்டைப் படமெடுக்கட்டும். கதை அந்த மீன்சட்டியில்தான் இருக்கிறது. ஒயின் படிப்புக்கு இப்போது செலவழிக்க வேண்டாம்.

சரி, காசுக்கு வருவோம். யூடியூப் வருமானத்தை நம்பி உட்காரக் கூடாது. நிஜமாகப் பணம் கொடுப்பவர்கள் வேறு. நல்ல படமில்லாத ஹோம்ஸ்டே, மெனு கார்டு எழுதத் தெரியாத சின்ன ஹோட்டல், டீத்தூளைத் தன் பெயரில் பாக்கெட் போடுகிறவர், குமுளியில் மசாலாக் கடை வைத்திருப்பவர். இவர்களுக்குத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிக்கொடுக்க ஆள் தேவை. பாப்பாவுக்கு இரண்டும் வரும். மூணாறில் அது பெரிய பலம் அக்கா.

இந்தத் தொழிலில் ஏமாறுவதும் சுலபம். "வந்து சாப்பிட்டுப் போங்க, நல்லா எழுதுங்க" என்பார்கள். சாப்பாடு கூலி ஆகாது. என்ன வேலை, எத்தனை படம், என்றைக்குள், எவ்வளவு என்று வாட்ஸப்பிலாவது எழுத்தில் வாங்க வேண்டும். பாதி அட்வான்ஸ் வராமல் கேமராவைத் திறக்கக் கூடாது. காசோ பொருளோ வாங்கிக்கொண்டு போடும் பதிவில் அது விளம்பரம் என்று சொல்லியாக வேண்டும். கம்பெனிகள் பணம் தரும்போது டிடிஎஸ் என்று வருமான வரியை முன்கூட்டியே கொஞ்சம் பிடிக்கலாம். வருமானம் குறைவாக இருந்தால் ரிட்டர்ன் போட்டு அதைத் திரும்ப வாங்கலாம். பி.காம் படித்தவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். எஸ்டேட் ஃபேக்டரிக்குள் அனுமதிக் கடிதம் இல்லாமல் படமெடுக்கக் கூடாது, உங்கள் வேலைக்கே அது வம்பாகும்.

இன்னொன்று, மழை. ஜூன், ஜூலையில் மூணாறில் டூரிஸ்ட் குறைந்துவிடுவார்கள், இவளுடைய வேலையும் குறையும். அதனால் முதல் இரண்டு வருஷம் மாதச் சம்பளம் வருகிற ஒரு வேலை கூடவே இருக்க வேண்டும் என்பது என் நிபந்தனை. ரிசார்ட் ஃப்ரண்ட் ஆபீஸோ, கடைக்குக் கணக்கு எழுதுவதோ, எதுவானாலும் சரி. லீவு நாளில் தன் தொழிலைப் பார்க்கட்டும். பேங்க் பரீட்சைக்கும் வயது வரம்பு இருக்கிறது, ஆனால் அந்தக் கதவு உடனே அடைபடாது. வீட்டுக்காக நீங்கள் சேர்த்துவைக்கும் பணத்தில் மட்டும் கேமரா வாங்கிக் கொடுக்காதீர்கள். கையில் இருக்கிற போன் ஆரம்பத்துக்குப் போதும்.

அடுத்த முறை வரும்போது அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அதற்குள் அந்த டீ நோட்டில் சில பக்கமாவது எழுதியிருக்கட்டும், ஒரு கடைக்கோ ஹோம்ஸ்டேக்கோ விலை சொல்லிப் பேசிப் பார்த்திருக்கட்டும். அந்தக் கடைக்காரரோ ஹோம்ஸ்டேக்காரரோ என்ன பதில் சொன்னார் என்பதை வைத்து மேற்கொண்டு பேசலாம்.