பனியா, மழையா? பூஜ்ஜிய டிகிரிக்குப் பக்கத்தில் கேள்வி பதில்

குளிர்காலத்தில் ஒரு நாளாவது நம் வாசலில் வெள்ளை விழாதா என்று சார்ட்டும் கையுமாக உட்கார்ந்திருப்பவர்கள் கேட்டவை இவை. பதில்கள் பூஜ்ஜியத்தை ஒட்டி ஊசலாடும் இடங்களுக்கானவை. நான்கு மாதம் மைனஸிலேயே கிடக்கும் பகுதிக்காரர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

கே: நாளை இரவு எங்கள் பகுதிக்கு 3 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம் என்று போட்டிருக்கிறது. அண்ணன் வீட்டுப் பக்கம் 1.5 டிகிரி, 98 சதவீதம். மேகம் இரண்டு இடத்துக்கும் வருகிறது. அங்கே பனி, இங்கே மழை என்று எடுத்துக்கொள்ளலாமா?

ப: நேர்மாறாக நடக்கத்தான் வாய்ப்பு அதிகம். தெர்மாமீட்டர் எண்ணை ஒதுக்கி வைத்துவிட்டு வெட் பல்ப் வெப்பநிலையைப் பாருங்கள். வறண்ட காற்றுக்குள் மழையோ பனியோ விழும்போது அதில் ஒரு பங்கு ஆவியாகும். அதற்கான வெப்பத்தைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்வதால் காற்று குளிரும். இப்படி ஈரம் நிறையும்வரை குளிர்ந்து எங்கே போய் நிற்குமோ அதுதான் வெட் பல்ப்.

3 டிகிரி, 65 சதவீதம் என்றால் டியூ பாயின்ட், அதாவது காற்றை எதுவரை குளிர வைத்தால் அதன் ஈரம் நீராகப் படியத் தொடங்குமோ அந்த வெப்பநிலை, மைனஸ் 3 பக்கம். வெட் பல்ப் ஏறக்குறைய 0.7. அண்ணன் வீட்டுக் காற்றின் வெட் பல்ப் 1.4. அங்கே ஏற்கெனவே ஈரம் நிறைந்துவிட்டது, ஆவியாதலால் இனி குளிர வழியில்லை.

கணக்கு எளிது. வெப்பநிலைக்கும் டியூ பாயின்ட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 0.37 ஆல் பெருக்கி வெப்பநிலையிலிருந்து கழியுங்கள். பூஜ்ஜியத்தை ஒட்டிய வெப்பநிலைகளுக்கு இது அரை டிகிரிக்குள் சரியாக வரும். விடை 0.5-க்குக் கீழே என்றால் பனியை எதிர்பார்க்கலாம். 0.5-லிருந்து 1.5 வரை மழையும் பனியும் கலந்து வரும். பொழிவு எவ்வளவு வேகம் என்பதுதான் தீர்மானிக்கும். அதற்கு மேல் பெரும்பாலும் மழை. பொழிவு தொடங்குவதற்கு முன்பே டியூ பாயின்ட் பூஜ்ஜியத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ஈரக்காற்று உள்ளே நுழைகிறது என்று பொருள். அன்றைக்குக் கனவை மூட்டை கட்டிவிடலாம்.

கே: காற்றழுத்தம் 850 ஹெக்டோபாஸ்கலாக இருக்கும் உயரத்தில் மைனஸ் 6 வந்தும் மழைதான் கொட்டியது. எங்கே கோட்டை விட்டேன்?

ப: அது சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் உள்ள ஒரே ஒரு அடுக்கு. அதற்குக் கீழே என்ன நடக்கிறது என்று அது சொல்லாது. காற்று கடல் பக்கமிருந்து வந்தால் கீழே இறங்க இறங்க கிலோமீட்டருக்கு 7 டிகிரி கூடும் என்று வைத்துக்கொண்டாலே தரையில் 4 டிகிரி ஆகிவிடும். அதே சமயம் உறைந்த நிலப்பரப்பின் மேல் நகர்ந்து வரும் காற்றில் 850-இல் மைனஸ் 2 இருந்தாலும் பனி விழும்.

1000-க்கும் 500 ஹெக்டோபாஸ்கலுக்கும் இடையிலான தடிமனைப் பார்ப்பவர்களுக்கும் இதே சிக்கல்தான். பிரிட்டனில் 528 டெக்காமீட்டர் (5,280 மீட்டர்) கோட்டைப் பார்க்கிறார்கள், அமெரிக்காவில் 540. ஒரே பனிக்கு இரண்டு கோடு எதற்கு? தடிமன் என்பது சுமார் ஐந்தரை கிலோமீட்டர் காற்றின் சராசரி வெப்பம். கடல் சூழ்ந்த தீவில் கீழ் அடுக்கு கொஞ்சம் வெதுவெதுப்பாகவே இருப்பதால், மேலே கூடுதல் குளிர் இருந்தால்தான் கணக்கு நேராகும்.

ஆகவே 850-ஐப் பார்த்த கையோடு அதற்குக் கீழே உள்ள 925 ஹெக்டோபாஸ்கல் அடுக்கையும் பாருங்கள். பிறகு வெட் பல்ப் பூஜ்ஜியம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அந்த உயரத்திலிருந்து சுமார் 200, 300 மீட்டர் இறங்குவதற்குள் பனிச்செதில்கள் முழுக்க உருகிவிடும். வெட் பல்ப் பூஜ்ஜியத்தின் உயரம் கடல்மட்டத்திலிருந்து சொல்லப்படுவது. உங்கள் இடத்தின் உயரத்தைக் கழித்தால்தான் அர்த்தமுள்ள எண் கிடைக்கும். எனக்கு ஒரே ஒரு எண்தான் தருவார்கள் என்றால் இதைத்தான் கேட்பேன்.

கே: தரையில் மைனஸ் 1. அப்படியும் விழுந்தது மழை. காரெல்லாம் கண்ணாடி பூசிய மாதிரி ஆகிவிட்டது.

ப: நடு உயரத்தில் ஒரு வெப்ப அடுக்கு ஊடுருவியிருக்கும். அந்த அடுக்கின் உச்ச வெப்பநிலை 1 டிகிரிக்குள் இருந்தால் பனி பெரும்பாலும் தப்பிவிடும். 1-லிருந்து 3 வரை பாதி உருகி, கீழே மறுபடி உறைந்து, ஒளி ஊடுருவும் பனிக்கட்டி மணிகளாக விழும். தரையில் பட்டுத் துள்ளும். 3-க்கு மேல் முழுக்க உருகிவிடும். தரையை ஒட்டிய குளிர் அடுக்கு மெல்லியதாக இருந்தால் மறுபடி உறைய நேரம் கிடைக்காது. எதைத் தொடுகிறதோ அதன் மேல் உறையும். எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுதான், வண்டியை எடுக்காதீர்கள்.

இன்னொரு வழியிலும் இது நடக்கும். மேக உச்சி மைனஸ் 8 அளவுக்குக்கூடக் குளிரவில்லை என்றால் மேகத்துக்குள் பனிப்படிகமே உருவாகாமல் போகலாம். அப்போது வெப்ப அடுக்கு இல்லாமலேயே உறையும் தூறல் விழும்.

கே: இரவு ஒரு மணி நேரம் நல்ல மழை. சட்டென்று பெரிய பெரிய செதில்களாகப் பனி. முன்னறிவிப்பில் பனி என்ற பேச்சே இல்லை. எப்படி?

ப: உருகும் பனியே காற்றைக் குளிர வைத்திருக்கிறது. ஒரு கிலோ பனி உருக 334 கிலோஜூல் வேண்டும். 1 மி.மீ. மழை என்றால் சதுர மீட்டருக்கு ஒரு கிலோ தண்ணீர். அந்த உருகல் 300 மீட்டர் தடிமனுள்ள காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்தால் அந்தக் காற்று ஏறக்குறைய 0.9 டிகிரி குளிரும். மணிக்கு 3 மி.மீ. வீதம் கொட்டினால் ஒரு மணி நேரத்தில் இரண்டரை டிகிரியைத் தின்றுவிடும். தரையிலிருந்து அந்த உயரம்வரை எல்லாம் பூஜ்ஜியத்தில் வந்து நிற்கும், பனி இறங்கிவிடும்.

இதற்கு மூன்று பொருத்தம் வேண்டும். பொழிவு விடாமல் கனமாக இருக்க வேண்டும். தூறலுக்கு இந்த வேலை ஆகாது. காற்று மெதுவாக வீச வேண்டும். வேகமாக வீசினால் குளிர்ந்த காற்றைத் தள்ளிவிட்டுப் புதிய வெதுவெதுப்பைக் கொண்டு வந்துவிடும். தொடக்கத்தில் தரை வெட் பல்ப் 2 டிகிரியைத் தாண்டாமல் இருப்பது நல்லது. பெரிய கட்டத்தில் சராசரி போடும் மாடல் (முன்னறிவிப்பைக் கணக்கிடும் கணினி நிரல்), குறுகலான கனமழைப் பட்டையைக் கரைத்துவிடும். அதனால்தான் உங்களுக்கு முன்கூட்டித் தெரியவில்லை. பொழிவு தணிந்ததும் மறுபடி மழையாகும், அதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: ரேடாரில் எங்கள் தலைக்கு மேல் நீலமும் பச்சையுமாக நிறைந்திருந்தது. வெளியே ஒரு துளி இல்லை.

ப: ரேடார் கதிர் தரையோடு போவதில்லை. அரை டிகிரி சாய்வில் கிளம்பும் கதிர், 100 கிமீ தள்ளி சுமார் 1.5 கிமீ உயரத்தில் இருக்கும். அங்கே பனி விழுவது உண்மைதான். கீழே உள்ள வறண்ட காற்று அதைக் குடித்துவிடுகிறது. டியூ பாயின்ட்டைக் கவனியுங்கள். மணிக்கு மணி அது ஏறினால் அடுக்கு நனைந்துகொண்டிருக்கிறது, கொஞ்சம் பொறுத்தால் தரை தொடும்.

ரேடாரைச் சுற்றி வளையம் போல் அடர் நிறம் தெரிந்தால் அதைக் கனமழை என்று நினைத்துவிடாதீர்கள். உருகும் செதில்களின் மேல் தண்ணீர்ப் படலம் படர்வதால் அவை மிகப் பலமாக எதிரொலிக்கும். அந்த வளையம் ரேடாரை நோக்கிச் சுருங்கினால் உருகும் அடுக்கு கீழே இறங்குகிறது. நமக்கு நல்ல செய்தி.

கே: ஆப்பில் 15 செ.மீ. போட்டிருந்தார்கள். வந்தது 3. மாடல் பொய் சொல்கிறதா?

ப: மாடல் தருவது தண்ணீர் அளவு. அதை பத்தால் பெருக்கிப் படம் போடுவது இணையதளத்தின் வேலை. 15 மி.மீ. தண்ணீரை 15 செ.மீ. பனி என்று கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடுகிறார்கள். மழை கலந்த பனி, பனிக்கட்டி மணி எல்லாவற்றையும் பனிக் கணக்கில் சேர்த்துவிடும் படங்களும் உண்டு. பூஜ்ஜியத்தை ஒட்டி விழும் ஈரப்பனிக்கு 5, 6 மடங்குதான் தேறும். மேகத்தில் மைனஸ் 12-க்கும் மைனஸ் 18-க்கும் இடைப்பட்ட அடுக்கில் காற்று பலமாக மேலேறி, கீழேயும் குளிர் இருந்தால் கிளைவிட்ட நட்சத்திரச் செதில்கள் வளரும். 15, 20 மடங்குகூட வரும். ஈரமான வெதுவெதுப்பான தரை முதல் சென்டிமீட்டரை விழுங்குவது தனி. படம் தரப்பட்டால், பனியின் ஆழம் எவ்வளவு கூடியது என்று காட்டும் படத்தைப் பாருங்கள். அது தரையில் உருகுவதையும் கழித்துக் காட்டும்.

கே: அண்ணா, பன்னிரண்டு நாள் தள்ளி ஒரு அருமையான சார்ட் வந்திருக்கிறது. நம்பலாமா?

ப: ரசியுங்கள் தம்பி, நம்பாதீர்கள். அமெரிக்க மாடலான ஜிஎஃப்எஸ் ஒரு நாளைக்கு நான்கு முறை ஓடி 16 நாள்வரை படம் போடுகிறது. நாலில் ஒன்றில் ஆசை காட்டும் படம் வருவது வாடிக்கை. ஒற்றை ரன்னை (மாடலின் ஒரு ஓட்டத்தை) விட்டுவிட்டு, தொடக்க நிலையைச் சிறிது சிறிது மாற்றிப் பல முறை ஓட்டிய தொகுப்பான என்செம்பிளைப் பாருங்கள். ஐரோப்பிய வானிலை முன்னறிவிப்பு மையத்தின் என்செம்பிளில் 51 உறுப்பினர்கள், ஜிஎஃப்எஸ் என்செம்பிளில் 31. 51-இல் 5 பேர் மட்டும் குளிரைக் காட்டினால் அது ஓரத்தில் இருக்கும் வாய்ப்பு. அடுத்தடுத்த நான்கு ரன்களில் 5 பத்தாகி, பத்து இருபதானால் விஷயம் இருக்கிறது. ஐந்து நாளுக்கு அப்பால் காற்றழுத்த அமைப்பை மட்டும் கவனியுங்கள். பனியா மழையா என்ற வழக்கு கடைசி 24 மணி நேரத்தில்தான் தீரும்.

கே: அடுக்குமண்டலத் திடீர் வெப்பமேற்றம் என்று எல்லோரும் குதிக்கிறார்களே?

ப: துருவத்துக்கு மேலே உள்ள அடுக்குமண்டலம் சில நாட்களில் மளமளவென்று சூடாவதுதான் அது. 10 ஹெக்டோபாஸ்கல் உயரத்தில் (சுமார் 30 கிமீ), 60 டிகிரி வட அட்சரேகையில் துருவத்தைச் சுற்றி மேற்கிலிருந்து வீசும் துருவச்சுழல் காற்று திசை மாறினால் அது பெரிய நிகழ்வு. சராசரியாகப் பத்தாண்டில் ஆறு முறை நடக்கும். 2018 பிப்ரவரி 12-ஐ ஒட்டி ஒன்று நடந்தது. அந்த மாதக் கடைசியில் ஐரோப்பா முழுக்கக் கிழக்கிலிருந்து கடுங்குளிர் பாய்ந்தது. எல்லா முறையும் இப்படிக் கைகொடுக்காது. கைகொடுத்தாலும் விளைவு சில வாரங்களுக்குப் பரவிக் கிடக்கும். குளிர் எந்தக் கண்டத்தில் இறங்கும் என்பதும் முன்பே தெரியாது. உங்கள் தெருவில் பனி விழுமா என்று கேட்க இது சரியான இடம் இல்லை.

கே: ஏரிக்கரையில் இருக்கிறோம். எங்களுக்குத் தனி விதி உண்டா?

ப: உண்டு. ஏரி மேற்பரப்பைவிட 850 ஹெக்டோபாஸ்கல் காற்று குறைந்தது 13 டிகிரி குளிராக இருந்தால், ஏரியின் ஈரம் மேகமாகிக் கரையில் பனியாகக் கொட்டும். வட அமெரிக்கப் பேரேரிகளின் காற்று இறங்கும் பக்கக் கரைகளில் நடப்பது இதுதான். ஜப்பான் கடலோரத்தில் ஏரிக்குப் பதில் கடல். காற்று தண்ணீரின் நீளவாக்கில், உயரத்துக்கு உயரம் திசை மாறாமல் வீசினால் ஒற்றைப் பட்டையாகக் கொட்டும். திசை 10 டிகிரி திரும்பினாலே பட்டை அடுத்த ஊருக்குப் போய்விடும். ஏரி உறைந்துவிட்டால் கடை மூடியாயிற்று.

கே: அதிகக் குளிர் இருந்தால் பனி விழாது என்பது உண்மையா?

ப: விழும், குறைவாக விழும். மைனஸ் 20-இல் காற்று தாங்கும் நீராவி, பூஜ்ஜியத்தில் தாங்குவதில் ஆறில் ஒரு பங்குதான்.

கே: விழுந்தால் எப்படிச் சரியாக அளப்பது? ஸ்கேலைப் புல்லில் குத்தினால் போதுமா?

ப: புல்லில் குத்தினால் பனிக்கும் மண்ணுக்கும் இடையே உள்ள காற்றையும் சேர்த்து அளப்பீர்கள். 40 செ.மீ. சதுரப் பிளைவுட் பலகைக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்துத் திறந்த வெளியில் தரையோடு வையுங்கள். சுவரோ மரமோ இருந்தால் அதன் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரம் தள்ளி வையுங்கள். ஓரத்தில் ஒரு கொடிக்கம்பு நடுங்கள், இல்லாவிட்டால் பலகையைத் தேட வேண்டியிருக்கும். கறுப்புப் பலகை மேகத்தின் ஊடாக வரும் வெளிச்சத்திலேயே சூடாகி அடியில் உருக்கிவிடும்.

பொழிவு நின்ற உடனே அளந்துவிடுங்கள். பனி தன் எடையிலேயே அமுங்கும். பலகையைத் துடைத்து வைப்பது ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறைக்கு மேல் கூடாது. மணிக்கொரு முறை துடைத்துக் கூட்டினால் அமுங்கல் கணக்கில் வராமல், நாள் முடிவில் இல்லாத பனியெல்லாம் ஏட்டில் ஏறும். காற்றில் குவிந்திருந்தால் பல இடங்களில் அளந்து சராசரி எடுங்கள்.

தண்ணீர் அளவுக்கு, மழைமானியின் புனலையும் உள்குழாயையும் பனிக்கு முன்பே எடுத்துவிட்டு வெளி உருளையை மட்டும் வையுங்கள். விழுந்ததை உள்ளே எடுத்து வந்து உருக்கி எடை போடுங்கள். 10 செ.மீ. விட்டமுள்ள உருளையில் 78.5 கிராம் தண்ணீர் என்றால் 10 மி.மீ. வெந்நீர் ஊற்றி உருக்கினால் ஊற்றிய அளவைக் கழிக்க மறக்காதீர்கள்.

கே: தரையைத் தொட்டதும் உருகிவிட்டது. ஏட்டில் பூஜ்ஜியம் என்று எழுதலாமா?

ப: வேண்டாம். பனி விழுந்தது, அளக்கும் அளவுக்குச் சேரவில்லை. அதற்கு "சுவடு" என்று எழுதி, தொடங்கிய நேரத்தையும் நின்ற நேரத்தையும் அப்போதைய வெட் பல்பையும் பக்கத்தில் குறித்து வையுங்கள். எந்த வெட் பல்ப்பில் உங்கள் இடத்தில் மழை பனியாகிறது என்பதை அந்தக் குறிப்புகளிலிருந்துதான் எடுக்க முடியும்.